சப்போர்ட் மேல் வைக்கச் சொன்ன ஐசி

தம்பி,

நீ சௌக்கியமா என்று கேட்டு ஆரம்பிக்கப் போவதில்லை. ஞாயிற்றுக்கிழமைதான் போனில் கேட்டேன். நீயும் சௌக்கியம் என்றாய், கிளேரும் சௌக்கியம் என்றாய். அப்புறம் வழக்கம்போலக் குரலைத் தாழ்த்தி "அப்பா என்ன பண்றார்?" என்றாய். நானும் வழக்கம்போல "இருக்கார்" என்றேன். நம் வீட்டில் போன் இருப்பது ஹால் ஜன்னலோரம், உன் அப்பா நிற்பதும் அந்த ஜன்னலுக்கு வெளியே தோட்டத்தில்தான். அதற்குமேல் நான் என்னத்தைச் சொல்வது? அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். மே மாதம் உனக்கும் கிளேருக்கும் கல்யாணம். கல்யாணம் ஆகப்போகிற பிள்ளைக்குத் தாய் எழுதினால் அதில் புத்திமதி இருக்கும் என்று நினைப்பாய். இருக்கும், தப்ப முடியாது. ஆனால் அதைவிட அதிகமாக இருக்கப்போவது ஈயமும் உன் அப்பாவின் பிரெஞ்சும்தான். பொறுமையாகப் படி.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் நீ போன் பண்ணி, "அம்மா, மேரில கல்யாணம்" என்று சொன்னபோது எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? அங்கே பிரெஞ்சு தேசத்தில் ஏதோ மேரி மாதா கோயில், பூசை, பாட்டு, நீ கோட்டுப் போட்டுக்கொண்டு நிற்கிறாய் என்று அந்த நிமிஷமே எல்லாம் கண்ணில் வந்துவிட்டது. பீச் ரோட்டு மேரிக் கட்டடத்தைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தவள் நான். மேரி என்றால் பிரெஞ்சுக்காரர்களுக்கு முனிசிபாலிட்டி ஆபீஸ் என்று எனக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் மகன் கல்யாணம் என்று சொல்லும்போது காது தனக்கு வேண்டியதைத்தான் எடுத்துக்கொள்கிறது. சிரித்துக்கொண்டே உன் அப்பாவிடம் போனைக் கொடுத்தேன். அவர் "எந்தக் கோயில்?" என்றார். நீ "கோயில் இல்லப்பா, மேரி மட்டுந்தான்" என்றாய். "அப்போ எங்களை எதுக்குக் கூப்புடுற? அந்த ஆபீஸ்காரங்களே போதும்" என்று சொல்லிப் போனை வைத்தவர்தான். அதன்பிறகு உன் போன் வந்தால் அவருக்குத் தோட்டத்தில் ஏதாவது வேலை வந்துவிடும். மூலக்குளத்தில் நம் வீட்டுத் தோட்டம் எவ்வளவு என்று உனக்குத் தெரியும், ஒரு முருங்கை, ஒரு செம்பருத்தி. அதற்கு அவ்வளவு தண்ணீர் ஊற்றினால் அழுகித்தான் போகும்.

அந்தச் சண்டைக்குச் சில வாரம் முன்னால்தான் நீ பார்சல் அனுப்பியிருந்தாய். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த உன் பெரியப்பா லீவில் வரும்போது உனக்காகத் தூக்கிக்கொண்டு வந்தாரே ஒரு கம்ப்யூட்டர், கீபோர்டும் பெட்டியும் ஒன்றாக, கூடவே ஒரு குட்டி டிவி. அந்தப் பெட்டி நெல்லித்தோப்பு வாடகை வீட்டுப் பரணில் இருந்தபோது மழை ஒழுகி, உள்ளே இருந்த போர்டு பச்சை பிடித்துச் செத்துப்போனது. அதே கம்ப்யூட்டர்மேல் பைத்தியமாக இருக்கும் ஒரு பிரெஞ்சுக்காரர் அந்தப் போர்டைப் புதிதாக வரைந்து, அச்சுப் போட்டு, வெறும் போர்டாக விற்கிறார் என்று நீ இன்டர்நெட்டில் கண்டுபிடித்து ஒன்றை வாங்கி அனுப்பினாய். "லீவுல வரும்போது நீயும் நானும் சேர்ந்து பத்தவைக்கலாம்மா" என்றாய். பார்சல் வருவதற்குள் சண்டை வந்துவிட்டது. உன் அப்பா தபால்காரரிடம் கையெழுத்துப் போட்டு வாங்கினார், பிரிக்காமல் பீரோ மேல் வைத்தார்.

கல்யாணத்துக்கு வரச்சொல்லி அவரை நான் எத்தனை விதமாகக் கேட்டிருப்பேன்! சமைத்துப் போட்டுக் கேட்டேன், சமைக்காமல் உட்கார்ந்தும் கேட்டேன். ஒரு நாள் காலையில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் எரிச்சல் தாங்காமல் பீரோ பக்கம் கையைக் காட்டினார். "அந்தச் செத்த மெஷின் உசுரோட எழுந்து வரட்டும், நானும் கெளம்பி வரேன்" என்றார். வரமாட்டேன் என்பதைத்தான் அப்படிச் சொன்னார், எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் சொன்னது சொன்னதுதானே? கையைக் கழுவிக்கொண்டு, ஸ்டூலைப் போட்டு ஏறி, பார்சலை இறக்கினேன். அவர் சட்னியைத் தொட்டுக்கொண்டு என்னையே பார்த்தார்.

நீ பிறப்பதற்கு முன்னாலிருந்து நீ ஹைஸ்கூல் போகிறவரைக்கும் தட்டாஞ்சாவடி எஸ்டேட்டில் டிவி போர்டுக்கு ஈயம் வைத்தவள் நான். கம்பெனி மூடினபிறகு ஈயம் உருக்குகிற அயர்னைத் தொடவில்லை. முதல் நாள் கண்ணாடிக்கு மேல் உன் அப்பாவின் கண்ணாடியையும் போட்டுக்கொள்ள வேண்டியிருந்தது. பத்து இருபது கம்பிக் கால்களுக்கு ஈயம் வைத்தபிறகு கைக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. நீ பத்தவைக்கிறதை நான் பார்த்திருக்கிறேன், அயர்னை நேராக ஈயத்தில் வைத்து உருக்கிச் சொட்ட விடுவாய். அது தப்பு. கம்பிக் காலையும் போர்டில் அதைச் சுற்றியிருக்கிற வளையத்தையும் சேர்த்துச் சூடு பண்ணவேண்டும். இரண்டும் ஒரே அளவு சுட்டபிறகு ஈயத்தைக் காட்டினால் அதுவே ஓடிப்போய் உட்காரும். ஒன்று சுட்டு ஒன்று சுடாமல் வைத்தால் பார்க்கப் பிடித்த மாதிரி இருக்கும், லேசாக அசைத்தால் கையோடு வந்துவிடும். கல்யாணத்துக்கும் இதுதான் என்று அம்மா எழுதப்போகிறாள் என்று சிரிக்கிறாய் இல்லையா? ஆமாம், அதைத்தான் எழுதுகிறேன். உனக்கு எல்லாவற்றிலும் அவசரம். கிளேருக்குக் கொஞ்சம் நேரம் கொடு.

பார்சலில் போர்டோடு அந்த மனிதர் செய்முறை எழுதின தாள்களும் இருந்தன, எல்லாம் பிரெஞ்சு. எனக்குப் பிரெஞ்சில் ஜெபம் சொல்லத்தான் வரும். பிரெஞ்சுப் பள்ளிக்கூட ஆபீஸில் ஆயுள் முழுக்கக் குப்பை கொட்டின மனுஷர் வீட்டிலேயே இருக்கும்போது நான் எதற்கு வெளியே ஆள் தேடவேண்டும்? "படிச்சு மட்டும் காட்டுறேன், வேற எதுலயும் என்ன இழுக்காத" என்று நிபந்தனை போட்டுவிட்டு எதிரில் வந்து உட்கார்ந்தார். காலைப் பூசை முடிந்து வந்ததும் சாப்பாட்டு மேஜையில் பேப்பரை விரித்து ஆரம்பிப்போம். அவர் ஒரு வரியைப் பிரெஞ்சில் வாய்க்குள் படிப்பார், அப்புறம் சர்க்குலர் வாசிக்கிற குரலில் தமிழில் சொல்வார். எனக்குப் புரியவேண்டும் என்று இங்கிலீஷ் வார்த்தை ஏதாவது கலந்து சொல்வார். அந்த மரியாதையில்தான் எல்லாம் கெட்டது.

பாகங்களின் பட்டியலில் ஓர் இடத்தில், "சப்போர்ட்டுன்னு போட்டிருக்கான். வாங்கணுமா?" என்றார். பழைய பெட்டிக்குள் போர்டு தரையில் படாமல் நிற்கச் சின்னச் சின்ன பிளாஸ்டிக் கால்கள் இருந்தன. அவை நன்றாகவே இருந்தன. "அதெல்லாம் பெட்டிலயே இருக்கு, வேணாம்" என்றேன். மற்றதையெல்லாம் அவரே மெட்ராஸ் போய் ரிச்சி தெருவில் வாங்கிவந்தார். படித்து மட்டும் காட்டுகிறவர் எதற்கு மெட்ராஸ் வரைக்கும் போனார் என்று நான் கேட்கவில்லை.

கடைசியாக மிஞ்சியது பெரிய ஐசி. நாற்பது கால் கொண்ட கறுப்புச் சில்லு. அந்தக் கம்ப்யூட்டரைச் செய்த கம்பெனி தன்னுடைய மெஷினுக்காக மட்டும் செய்தது, இப்போது உலகத்தில் எந்தக் கடையிலும் கிடைக்காது என்று தாளிலேயே எழுதியிருந்தது. பழைய போர்டிலிருந்து அதை நான் உயிரோடு பிரித்து எடுத்திருந்தேன். உன் அப்பா கண்ணாடியைச் சரி பண்ணிக்கொண்டு, "இது முக்கியமாம், அடிக்கோடு போட்டிருக்கான். பெரிய ஐசிய கட்டாயம் சப்போர்ட் மேலதான் வைக்கணுமாம்" என்றார். நான் போர்டைத் தூக்கி அந்த பிளாஸ்டிக் கால்கள் நான்கின் மேலும் ஒழுங்காக உட்காரவைத்தேன். ஆட்டிப் பார்த்தேன், ஆடவில்லை. "வச்சாச்சு" என்றேன். அவரும் குனிந்து பார்த்து, "நல்லா நிக்குது" என்று சான்றிதழ் கொடுத்தார். ஐசியை நேராகப் போர்டில் சொருகி நாற்பது காலுக்கும் ஈயம் வைத்தேன். அத்தனை சுத்தமாக வைத்தேன், அதுதான் பாவம்.

சுவிட்சைப் போட்டோம். குட்டி டிவி கறுப்பாகவே இருந்தது. ஐசி மேல் விரலை வைத்தேன், சுரீர் என்றது. உடனே நிறுத்திவிட்டேன். அப்புறம் உற்றுப் பார்த்தபோதுதான் தெரிந்தது. ஒவ்வொரு ஐசிக்கும் ஓர் ஓரத்தில் அரைவட்டமாக ஒரு வெட்டு இருக்கும், அதை வைத்துத்தான் எந்தப் பக்கம் தலை என்று கண்டுபிடிப்பது. எங்கள் டிவி போர்டில் எல்லா ஐசிக்கும் வெட்டு ஒரே பக்கம்தான் பார்க்கும். கை அப்படியே பழகிவிட்டது. இந்தப் போர்டில் இந்த ஒன்று மட்டும் எதிர்ப்பக்கம் பார்க்கவேண்டும். அச்சில் தெளிவாகப் போட்டிருக்கிறது, நான்தான் பார்க்காமல் தலைகீழாகச் சொருகிவிட்டேன். உலகத்தில் கிடைக்காத ஐசி, தலைகீழாகக் கரண்ட் வேறு ஏறியிருக்கிறது. அதைவிட, இது செத்தால் உன் அப்பா உன் கல்யாணத்துக்கு வரமாட்டார். அது மட்டும்தான் மண்டைக்குள் ஓடியது.

கோபத்தில் யாரையாவது திட்டவேண்டுமே, அந்தப் பிரெஞ்சுக்காரரைத் திட்டினேன். "இவ்ளோ எழுதினவன் ஒரு பேஸ் போடச் சொல்லியிருக்கக் கூடாதா? பேஸ் இருந்தா இந்நேரம் நெம்பி எடுத்துத் திருப்பிப் போட்டிருப்பேன்" என்றேன். "பேஸுன்னா?" என்றார் உன் அப்பா. பழைய ரேடியோ போர்டு ஒன்று கிடந்தது, அதில் ஐசிக்கு அடியில் இருந்த கறுப்புச் சட்டத்தைக் காட்டினேன். இதைத்தான் போர்டில் பத்தவைப்பது, ஐசி இதன்மேல் சும்மா சொருகி உட்காரும், வேண்டும்போது கழற்றலாம் என்றேன். அவர் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் தாளை எடுத்துப் படித்தார். மறுபடியும் படித்தார். "சுப்போர்" என்றார், அந்தக் கடைசி எழுத்தை விழுங்கி, அசல் பிரெஞ்சில். "இதைத்தான் சொல்லியிருக்கான். நாந்தான் உனக்குப் புரியட்டும்னு சப்போர்ட்டுன்னு சொன்னேன்." எனக்குச் சிரிப்பு வந்ததா அழுகை வந்ததா என்று தெரியவில்லை. அவர் சுப்போர் என்றே சொல்லியிருந்தால் அது என்ன கண்றாவி என்று நான் கேட்டிருப்பேன். எனக்குத் தெரிந்த வார்த்தையாகப் போனதால் கேட்கவே இல்லை.

தம்பி, இது ஒன்றைத்தான் நான் உனக்கு உண்மையான புத்திமதியாகச் சொல்ல முடியும். நீ ஒரு பாஷை, அவள் ஒரு பாஷை. தெரியாத வார்த்தையால் உங்களுக்குள் சண்டை வராது, அதை ஒருத்தரை ஒருத்தர் கேட்டுக்கொள்வீர்கள். தெரியும் என்று நினைக்கிற வார்த்தையில்தான் வரும். உன் அப்பா "எந்தக் கோயில்" என்று கேட்டது உன்னை அதட்டுவதற்காக இல்லை. எந்தக் கோயில் என்று தெரிந்தால் அங்கே யாருக்காவது எழுதி விசாரிக்கலாம் என்று, பேனாவையும் எடுத்து வைத்துக்கொண்டுதான் கேட்டார். நீ அதட்டலாக எடுத்துக்கொண்டு "மேரி மட்டுந்தான்" என்று வெட்டினாய். அவர் அந்த "மட்டுந்தான்" என்பதில் தன்னையும் சேர்த்து வெட்டிவிட்டாய் என்று எடுத்துக்கொண்டார். இரண்டு பேரும் தமிழில்தான் பேசினீர்கள், அதில் ஒன்றும் குறைச்சல் இல்லை.

ஐசியை வெளியே எடுத்தாக வேண்டும். எங்கள் லைனில் இதற்கு ஒரு வழக்கம் உண்டு. போர்டுதான் விலை, ஐசி மலிவு. அதனால் கட்டரை எடுத்து ஐசியின் கால்களை ஒவ்வொன்றாக நறுக்கி, உடம்பைத் தூர எறிந்துவிட்டு, போர்டைக் காப்பாற்றுவோம். உன் அப்பாவும், "காலை வெட்டிடு, போர்டையாவது காப்பாத்து. அவன் அனுப்பினது" என்றார். அவன் என்று உன்னைச் சொல்லி அத்தனை மாதத்தில் அன்றுதான் கேட்டேன். நான் கட்டரைத் தொடவில்லை. "போர்டு போனா இன்னொண்ணு கேட்டு வாங்கிக்கலாம். இது போச்சுன்னா போர்டை வச்சிக்கிட்டு என்ன பண்றது? நமக்கு இருக்கறது ஒண்ணுதாங்க" என்றேன். சத்தியமாக நான் ஐசியைத்தான் சொன்னேன். அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, "நான் என்ன பண்ணணும், சொல்லு" என்று என் பக்கத்து நாற்காலிக்கு மாறி உட்கார்ந்தார்.

ஈயத்தை உறிஞ்சும் பம்பை அவர் கையில் கொடுத்தேன். நான் காலைச் சுடுவேன், ஈயம் இளகியதும் "ம்" என்பேன், அவர் பம்பை வைத்துப் பொத்தானை அமுக்குவார். டக் என்று சத்தம் வரும்போதெல்லாம் அவருக்குத் தோள் தூக்கிப்போட்டது. ஒரே பக்கமாகப் போனால் ஐசி சூடாகிவிடும் என்று இந்தக் கோடியில் ஒரு கால், அந்தக் கோடியில் ஒரு கால், நடுவில் ஆறவிட்டு ஆறவிட்டு எடுத்தோம். அந்த ஆறுகிற நேரத்தில்தான் அவர் பேசினார். "அந்தப் பொண்ணு என்னை வூன்னு கூப்புடுமா, தூன்னு கூப்புடுமா?" என்றார். நம் நீங்களும் நீயும்தானே அது, எதுவாக இருந்தால் என்ன என்றேன். "அது எப்படி ஒண்ணாவும்? மொதல்ல வூதான் சொல்லணும். அப்புறம் நான், பரவால்லம்மா, தூ சொல்லுன்னு சொல்லணும். அதான் முறை" என்று அடுத்த கால்களுக்கெல்லாம் எனக்கு வகுப்பு எடுத்தார். வரவே மாட்டேன் என்கிற மனுஷருக்கு அவள் எப்படிக் கூப்பிட்டால் என்ன? நான் வாயைத் திறக்கவில்லை, "ம்" மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். ஐசி ஒரு காலும் ஒடியாமல் கையில் வந்தது. போர்டிலும் ஒரு வளையம்கூடப் பெயரவில்லை.

ரிச்சி தெருவிலிருந்து உன் அப்பா வாங்கிவந்த பேஸை இன்று மத்தியானம் பத்தவைத்து, வெட்டை இரண்டு பேரும் தனித்தனியாகப் பார்த்து, ஐசியை அழுத்தி உட்காரவைத்தேன். சுவிட்சில் கை வைக்கப்போனேன். "இரு" என்றார். ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு எங்கேயோ கிளம்பிவிட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. மெஷின் ஓடிவிட்டால் வாக்கைக் காப்பாற்ற வேண்டியிருக்குமே என்று தப்பித்து ஓடுகிறார் என்றே நினைத்தேன். ரொம்ப நேரம் கழித்து வந்தவர் தலை வாரி, முகத்தில் பவுடர் போட்டிருந்தார். பையிலிருந்து ஒரு சின்னக் கவரை எடுத்து மேஜையில் வைத்தார். விசாவுக்கான போட்டோ, வெள்ளைப் பின்னணி, காது இரண்டும் தெரிய. "நீயும் நாளைக்குப் போய் எடுத்துரு. சிரிக்கக் கூடாதாம்" என்றார். "இன்னும் போட்டே பாக்கலியேங்க. ஓடலைன்னா?" என்றேன். "ஓடலைன்னா இப்படியே தூக்கிட்டுப் போய் அவன்கிட்ட குடுப்போம். இப்போ போடு" என்றார்.

போட்டேன். குட்டி டிவியில் முதலில் கோடு கோடாக வந்து, அப்புறம் நீலத் திரையும் அதன் மூலையில் துடிக்கிற ஒரு கட்டமும் நின்றன. நான் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். உன் அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஒரு விரலால் எழுத்து எழுத்தாக அடித்தார். சி விழுந்தது. எல் விழுந்தது. அடுத்ததை அமுக்கினார், விழவில்லை. இன்னும் பலமாக அமுக்கினார். அப்புறம் அதை விட்டுவிட்டு ஐ, ஆர், இ என்று முடித்தார். அவள் பெயரை அவர் வாயால் ஒரு தரம்கூடச் சொன்னதில்லை, உனக்குத் தெரியும். குறை போர்டில் இல்லை, நான் பார்த்துவிட்டேன். கீபோர்டில் அந்த ஒரு பொத்தானுக்கு அடியில்தான் ஏதோ தேய்ந்துபோயிருக்கிறது. கழற்றிப் பார்க்கிறேன் என்று நான் ஸ்க்ரூ டிரைவரை எடுப்பதற்குள் அவர் எழுந்து ஹாலுக்குப் போய் உன் நம்பரைப் போட்டுவிட்டார். நீ வேலையில் இருந்திருப்பாய், எடுக்கவில்லை. செய்தி விடச் சொல்லும் உன் போன் மெஷின் ஏதோ பிரெஞ்சில் சொல்லியிருக்கும், அவர் நேராக நின்றுகொண்டு கேட்டார்.

இதை விடிந்ததும் பிரவுசிங் சென்டரில் ஸ்கேன் பண்ணி அனுப்பச் சொல்லப் போகிறேன். மாதக்கணக்காகப் பேசாதவர் திடீரென்று விட்டுவைத்த செய்தியைக் கேட்டு, அப்பாவுக்கு என்ன ஆயிற்று என்று நீ பயந்துபோயிருப்பாய். தலையும் இல்லாமல் வாலும் இல்லாமல் அவர் சொன்னது என்னவென்று உனக்குப் புரியவேண்டும் என்றுதான் இவ்வளவும் எழுதினேன். பீப் சத்தம் வந்ததும் அவர் சொன்னார்:

"தம்பி, அப்பாதான் பேசறேன். ஏ எழுத்து மட்டும் விழமாட்டேங்குது. அந்தப் பொண்ணு பேரை முழுசா அடிக்க முடியல. நாங்க வரும்போது எடுத்துட்டு வரோம், நீ பாரு."